பழைய கால் மெஷின்: சக்கரம் சுற்றுகிறது, ஆனால் துணிக்கு அடியில் நூல் கொத்தாகச் சேர்கிறது, தையலும் விட்டுப்போகிறது

மிதிகட்டை:

எல்லோருக்கும் வணக்கம். பெரியம்மா வைத்திருந்த பழைய கால் மெஷின் ஒன்று என்னிடம் வந்திருக்கிறது. அதை ஓட வைத்தே தீருவது என்று இறங்கி, பாதி தூரம் வந்து, இப்போது ஒரு இடத்தில் நிற்கிறேன்.

கறுப்பு நிற வார்ப்பிரும்பு உடம்பு, மேலே பொன்னிறப் பூவேலை, பெயர் எழுத்து தேய்ந்து போயிருக்கிறது. மேல்நூலின் இறுக்கத்தை மாற்றும் டென்ஷன் டயல் இடது கோடியில், ஊசித்தண்டை மூடும் தகட்டின் மேல் இருக்கிறது. அடிநூல் சுற்றிய பாபினை வைக்கும் பாபின் கேஸ் அடியில் இடது பக்கம் பார்த்தபடி செங்குத்தாக மாட்டுவது. இது எந்த வகை என்று சொன்னாலே பெரிய உதவி.

வந்தபோது கைச்சக்கரம் அசையவே இல்லை. எண்ணெய்த் துளை என்று கண்ணில் பட்ட எல்லாவற்றிலும் மெஷின் ஆயில் விட்டு, ஊற வைத்து, சக்கரத்தை முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டி விடுவித்தேன். இப்போது ஒரு விரலால் சுற்ற முடிகிறது, ஒவ்வொரு சுற்றிலும் ஒரே ஒரு இடத்தில் மட்டும் லேசாகக் கனக்கிறது. புது ஊசி போட்டேன், நல்ல நூல் போட்டேன். தைத்தால் மேல்பக்கம் பார்க்கச் சுமாராக இருக்கிறது, துணியைத் திருப்பினால் அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சேர்ந்து கிடக்கிறது, சில சமயம் துணியே தகட்டோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது. அடியில்தானே சிக்கல் என்று பாபின் கேஸ் திருகை இறுக்கியும் தளர்த்தியும் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை. மேல் டயலை 9 வரை திருப்பினாலும் அதே கதை. இதோடு நாலு தையலுக்கு ஒரு தையல் விட்டும் போகிறது.

தெரிந்தவர் ஒருவர், டைமிங், அதாவது ஊசியும் ஷட்டிலும் சேர வேண்டிய நேரம், போய்விட்டது, அடியில் பாபின் கேஸைச் சுற்றி ஆடும் அந்த ஷட்டிலைக் கழற்றித் தண்டைத் தளர்த்தித் திருப்பி வைத்தால் சரியாகிவிடும் என்கிறார். செய்யலாமா? பயமாக இருக்கிறது, அதனால்தான் கேட்கிறேன்.

பழைய இரும்பு:

தயவுசெய்து டைமிங்கைத் தொடாதீர்கள் சகோதரி. முதலில் சொல்ல வேண்டியது அதுதான்.

நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் அது 15 வகை மெஷின். சிங்கர் 1879-இல் கொண்டுவந்த வடிவம், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானில் எத்தனையோ பெயர்களில் அப்படியே எடுத்துச் செய்தார்கள், அதனால் பெயர் தேய்ந்திருப்பதைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஊசி, பாபின், பாபின் கேஸ் மூன்றும் இன்றைக்கும் புதிதாகவே கிடைக்கும். அடிப்பலகைக்கு மேலே எண் பொறித்திருந்தால் குறித்து வையுங்கள். சிங்கராக இருந்தால், எண்ணுக்கு முன்னால் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள், எழுத்தே இல்லாமல் வெறும் எண் என்றால் 1900-க்கு முந்தையது. அந்த எண் பட்டியல்களில் இருக்கும் தேதி எண் ஒதுக்கப்பட்ட தேதிதான், மெஷின் முழுதாகச் சேர்க்கப்பட்டது அதற்குப் பிறகு.

சரி, விஷயத்துக்கு வருவோம். அடியில் கொத்து விழுந்தால் எல்லோரும் அடியில்தான் கை வைப்பார்கள். கோளாறு மேல்நூலில்தான் இருக்கும். ஏன் என்று புரிந்துகொண்டால் இனி எந்த மெஷினிலும் குழப்பம் வராது. ஊசி கீழே போய் மேலே திரும்பத் தொடங்கும் நேரத்தில் நூல் ஊசியின் பின்பக்கம் ஒரு சின்ன வளையமாகப் புடைக்கும். ஷட்டிலின் மூக்கு அந்த வளையத்தைப் பிடித்து, பெரிதாக்கி, பாபின் கேஸைச் சுற்றிக் கொண்டுபோகும். அவ்வளவு நூலும் மேலேயிருந்துதான் வந்தாக வேண்டும். வளையம் பாபினைச் சுற்றி முடித்ததும், மேலும் கீழும் போகிறதே அந்த நூல் இழுக்கும் கை, அது மேலே போய் மிச்ச நூலை இழுத்துத் தையலை இறுக்கும். இறுக்க வேண்டும் என்றால் டென்ஷன் தட்டுகள் நூலைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் அந்தக் கை இழுக்கும்போது தையல் இறுகுவதற்குப் பதிலாகக் கண்டிலிருந்து இன்னும் கொஞ்சம் நூல் உருவிக்கொண்டு வரும், அவ்வளவுதான். அந்த மிச்ச நூல் எங்கே போகும்? துணிக்கு அடியில்தான் கிடக்கும்.

உங்கள் விஷயத்தில் டயலை 9-க்குத் திருப்பியும் மாற்றம் இல்லை என்கிறீர்களே, எனக்கு அந்த ஒரு வரி போதும். தட்டுகள் நூலைப் பிடிக்கவே இல்லை. ஒரு சோதனை செய்யுங்கள். ஊசியில் கோர்க்காமல் டென்ஷன் தட்டு வரை மட்டும் நூலைக் கொண்டுவந்து, துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தைத் தூக்கிவிட்டுக் கையால் இழுத்துப் பாருங்கள், தடையில்லாமல் வர வேண்டும். பிறகு பாதத்தை இறக்கிவிட்டு இழுங்கள், கையில் நல்ல இழுவை தெரிய வேண்டும். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எழுதுங்கள், அதுவரை ஒரு திருகையும் அசைக்க வேண்டாம்.

அப்புறம், நூல் கோர்க்கும்போது பாதம் தூக்கியிருக்க வேண்டும். இறக்கி வைத்துக்கொண்டு கோர்த்தால் நூல் தட்டுகளுக்கு நடுவில் போகாமல் மேலேயே தங்கிவிடும், அப்படியும் இதே கொத்து வரும்.

நூல்கண்டு:

ஐயா சொன்னதை வழிமொழிகிறேன். கொத்து தையல் தொடங்கும் இடத்தில் மட்டும் விழுகிறதா, முழு நீளத்துக்கும் விழுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் மட்டும் என்றால் அது கோளாறே இல்லை, முதல் இரண்டு மூன்று தையலுக்கு இரண்டு நூல் நுனியையும் பின்பக்கமாகப் பிடித்துக்கொண்டால் போதும், நூல் இழுக்கும் கை உச்சியில் இருக்கும்போது தொடங்க வேண்டும்.

நான் சொல்ல வந்தது அந்த ஒரு இடத்தில் கனப்பது பற்றி. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் கனத்தால் எதுவோ சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். பழைய எண்ணெய் காய்ந்தது மட்டும் காரணம் என்றால் கனம் சுற்று முழுக்கப் பரவலாகத் தெரியும். முதலில் பார்க்க வேண்டிய இடம் ஷட்டில் ஓடும் குழி. மெஷின் தலையைப் பின்பக்கம் சாய்த்து, பாபின் கேஸை எடுத்துவிட்டு, ஷட்டிலைப் பிடித்திருக்கும் வளையத்தைத் திறங்கள். சிலவற்றில் சின்னத் தாழ்ப்பாள் இருக்கும், சிலவற்றில் இரண்டு திருகு. பிறை வடிவத்தில் ஷட்டில் கையோடு வந்துவிடும், எந்த முகம் வெளியே பார்த்தது என்று கழற்றும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குழியின் விளிம்பில் டார்ச் அடித்துப் பார்த்தால், எண்ணெயில் ஊறிக் கறுத்த ஒரு நூல் துண்டு மயிர் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். பார்த்தால் அழுக்குக் கோடு போல இருக்கும், ஊசி முனையால் நெம்பினால் நீளமாக வரும். ஷட்டில் மூக்கின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள், எங்காவது சொரசொரப்பாக மாட்டினால் மிக நைஸான உப்புத்தாளால் மெருகேற்ற வேண்டும், ஆனால் முனையின் கூர்மையைத் தேய்த்துவிடக் கூடாது.

அதே மூச்சில் துணி நகர்த்தும் பற்களுக்கு மேலிருக்கும் தகட்டையும் கழற்றுங்கள். பல வருடத்துப் பஞ்சு அங்கே கம்பளி மாதிரி அழுந்திக் கிடக்கும். நீங்கள் துணி வர மறுக்கிறது என்றதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், பற்கள் முழு உயரத்துக்கு எழும்ப முடியாது.

இன்னொன்று, மேலே பூவேலை இருக்கிறது என்றதால் சொல்கிறேன். பழைய கறுப்பு மெஷின்களில் அந்தப் படத்தின் மேல் அரக்கு வார்னிஷ் பூசியிருப்பார்கள். ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும். சோப்புத் தண்ணீர், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் வேண்டாம், பொன்னிறம் வெளுத்து வெள்ளியாகிவிடும். பஞ்சில் மெஷின் ஆயிலைத் தொட்டு மெதுவாகத் துடைத்தாலே அழுக்கு வரும், படத்தின் மேல் அழுத்தவே கூடாது.

இரட்டைத்தையல்:

டைமிங் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான 15 வகை மெஷின்களில் ஷட்டிலை ஆட்டும் பாகம் தண்டோடு முளை அடித்துப் பொருத்தியிருக்கும். அது தானாக நகர வழியே இல்லை. அந்த முளையைத் தட்டி எடுக்கப் போனால்தான் உண்மையாகவே டைமிங் போகும். வீட்டில் மாறக்கூடியது ஊசித்தண்டின் உயரம் மட்டும்தான், அதுவும் ஊசி எதிலாவது பலமாக இடித்து உடைந்திருந்தால். ஆகவே அந்த ஆலோசனையை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு விட்டுவிடுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. இறுகிப்போன மெஷினுக்கு மெஷின் ஆயில் மட்டும் விட்டால், காய்ந்து பிசினான பழைய எண்ணெயின் மேல் புது எண்ணெய் மிதக்கும், இன்றைக்குச் சுற்றும், கொஞ்ச நாள் சும்மா இருந்தால் மறுபடி இறுகும். மண்ணெண்ணெய் விட்டு வேகமாக ஓட்டி அழுக்கைக் கழுவி எடுத்து, துடைத்து, உடனே மெஷின் ஆயில் விடுவதுதான் பழைய கையேடுகளே சொல்லும் வழி. ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது, படத்தின் மேல் வழிய விடக் கூடாது, அவ்வளவுதான்.

நூல்கண்டு:

மண்ணெண்ணெய் வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன் தலைமுடி உலர்த்தும் சூட்டுக்காற்றுக் கருவியைப் பிடித்துப் பார்க்கலாம் என்பேன். இரும்பு இளஞ்சூடானதும் பிசின் இளகி, விட்ட எண்ணெயோடு கலந்து பழுப்பாக வெளியே வடியும், துடைத்துத் துடைத்து எடுக்க வேண்டியதுதான். மணமும் இல்லை, பயமும் இல்லை. துருவை விடுவிக்கும் ஸ்ப்ரேயை மட்டும் எண்ணெய்க்குப் பதிலாகப் பயன்படுத்தாதீர்கள். அடித்தவுடன் சுகமாகச் சுற்றும், காய்ந்த பிறகு உலோகத்தோடு உலோகம் உரசும். சமையல் எண்ணெய், தேங்காய் எண்ணெய் என்று எதையும் விடக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை, மெஷின் இறுகுவதே பல இடங்களில் அதனால்தான்.

மிதிகட்டை:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு பொறுமையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

நூல்கண்டு அக்கா சொன்ன மாதிரியே ஷட்டில் குழியில் நூல் இருந்தது. ஒன்று இல்லை, இரண்டு துண்டு, ஒன்று சிவப்பு. கறுப்பாகக் கிடந்தது, துணியில் வைத்துத் தேய்த்த பிறகுதான் சிவப்பு என்றே தெரிந்தது. எடுத்ததும் கனம் போய்விட்டது, சக்கரத்தைச் சுண்டிவிட்டால் தானாக ஓடி நிற்கிறது. தகட்டுக்கு அடியில் பஞ்சு ஒரு கெட்டிப் பட்டையாகவே வந்தது.

ஐயா கேட்ட சோதனை: பாதம் தூக்கியிருந்தால் நூல் இலகுவாக வருகிறது. இறக்கினாலும் அதே இலகு. டயலை முழுக்க இறுக்கினாலும் அப்படியே. வித்தியாசமே இல்லை. கொத்து முழு நீளத்துக்கும் விழுகிறது.

பழைய இரும்பு:

அப்படியானால் கண்டுபிடித்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

டென்ஷன் தட்டுகள் கோர்த்திருக்கும் அந்தத் தண்டு உள்ளே குழாய் மாதிரி வெற்றாக இருக்கும். அதற்குள் ஒரு சின்ன முள் போகும். நீங்கள் பாதத்தைத் தூக்கும்போது பின்னாலிருந்து ஒரு நெம்பி அந்த முள்ளைத் தள்ளும், முள் போய் முன்னாலிருக்கும் குறுக்குப்பட்டை வாஷரைத் தள்ளும், ஸ்பிரிங்கின் அழுத்தம் தட்டுகளை விட்டு விலகும், நூல் விடுபடும். பாதத்தை இறக்கினால் முள் பின்னால் வர வேண்டும். உங்கள் மெஷின் பாதம் தூக்கிய நிலையிலேயே பல வருடம் நின்றிருக்கும், பிசினான எண்ணெயில் முள் தள்ளிய இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. டயலை எவ்வளவு இறுக்கினாலும் அந்த அழுத்தத்தை முள்தான் தாங்குகிறது, தட்டுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை.

கழற்றும் முறை சொல்கிறேன். ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொள்ளுங்கள், உருண்டு ஓடும் சின்னப் பாகங்கள் இவை. முன்னாலிருக்கும் நட்டை அவிழ்த்து, ஒவ்வொரு பாகமாக எடுத்து, எடுத்த வரிசையிலேயே, எந்த முகம் மேலே இருந்ததோ அதே முகமாக இடமிருந்து வலமாக வையுங்கள், ஒவ்வொன்றுக்கும் படம் எடுங்கள். நட்டு, எண் போட்ட டயல், ஸ்பிரிங், குறுக்குப்பட்டை வாஷர், இரண்டு தட்டு, அதற்குப் பின்னால் மீசை போல ஒரு மெல்லிய ஸ்பிரிங் என்று வரும், மெஷினுக்கு மெஷின் ஒன்றிரண்டு வாஷர் கூடும் குறையும். பிறகு தண்டைப் பிடித்திருக்கும் சின்னத் திருகைத் தளர்த்தித் தண்டையே வெளியே உருவுங்கள். முள் விழுந்தால் நல்லது, விழாவிட்டால் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டுச் சிறிது நேரம் கழித்து மெல்லிய கம்பியால் பின்பக்கமிருந்து தள்ளுங்கள். முள்ளைக் காணாமல் அடித்துவிட்டால் பாதம் தூக்கினாலும் நூல் விடுபடாது, ஆகவே கவனம்.

முள்ளையும் குழாயையும் பளபளப்பாகும் வரை துடையுங்கள். அங்கே திரும்ப எண்ணெய் விட வேண்டாம், டென்ஷன் பகுதிக்கு எண்ணெய் ஆகாது, நூலில் கறை படியும், பிடிப்பும் போகும். தட்டுகளின் உள்முகத்தில் நூல் ஓடி ஓடிக் கோடு விழுந்திருக்கிறதா, துரு இருக்கிறதா என்று பாருங்கள், நடுவில் பஞ்சு அழுந்தியிருந்தால் சுரண்டாமல் துணியால் எடுங்கள். திரும்ப மாட்டும்போது இரண்டு தட்டின் புடைத்த பக்கமும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் நூல் உள்ளே நுழையவே செய்யாது.

திருப்புளியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பழைய மெஷின் திருகுகளின் வாய் ஒடுக்கமாகவும் ஆழமாகவும் இருக்கும், கிடைத்த திருப்புளியை வைத்து அழுத்தினால் வாய் பிய்ந்துவிடும், பிறகு அதை வெளியே எடுப்பதே தனி வேலை. திருகின் வாய்க்கு அகலமும் தடிமனும் பொருந்துகிற திருப்புளியாகப் பாருங்கள். சிங்கர் தன் திருகுகளுக்கு மரை கூடத் தன் அளவில்தான் வெட்டியது, பொதுவாக விற்கும் திருகு பெரும்பாலும் பொருந்தாது, ஆகவே ஒன்றைத் தொலைத்தாலும் பழைய மெஷினிலிருந்து எடுத்துத்தான் போட வேண்டும்.

மோட்டார்வீடு:

நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். என் மெஷினும் இதே வகை, ஆனால் பக்கத்தில் மோட்டார் வைத்தது. ஓட்டினால் சூட்டு வாசனை வருகிறது, வயரைத் தொட்டால் மேல் ரப்பர் பொடிப்பொடியாக உதிர்கிறது. மோட்டாருக்கும் எண்ணெய் விடலாமா?

இரட்டைத்தையல்:

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், வயர் மாற்றும் வரை திரும்பச் செருகாதீர்கள். பழைய ரப்பர் உறை உதிர்ந்தால் உள்ளே செம்புக் கம்பி மெஷினின் இரும்பு உடம்பைத் தொட ஒரு மயிரிழை தூரம்தான். உடம்பு முழுக்க இரும்பு என்பதை மறக்க வேண்டாம். டேப் சுற்றிச் சமாளிக்கும் விஷயம் இல்லை இது, மோட்டார் வயர், கால் கட்டுப்பாட்டு வயர், பிளக் வரை மொத்தமாக மாற்ற வேண்டும், மின்வேலை தெரியாது என்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

எண்ணெய் பற்றி: மோட்டாரில் எண்ணெய்த் துளை தெளிவாக இருந்தால் மட்டும் ஒரு சொட்டு. சில மோட்டாரில் கிரீஸ் நிரப்பும் குழாய் இருக்கும், அதில் எண்ணெய் விட்டால் சுருளுக்குள் இறங்கிவிடும், மோட்டார் கெட்டுப்போகும். மண்ணெண்ணெயை மோட்டார் பக்கமே கொண்டுபோகாதீர்கள். வாசனை கார்பன் பிரஷ் தேய்ந்து பொடி சேர்ந்ததாலும் வரலாம், மோட்டார் பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தாலும் வரலாம். பெல்ட்டை விரலால் அழுத்தினால் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். விறைப்பாக நின்றால் மோட்டார் சுமை தாங்காமல் சூடாகும். வயர் மாற்றி முடித்த பிறகு தனிக் கேள்வியாகப் போடுங்கள், இங்கே கலக்க வேண்டாம்.

மிதிகட்டை:

ஐயா, முள் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது! பாதம் இறக்கியிருக்கும்போதே முன்னால் துருத்திக்கொண்டு நின்றது, விரலால் அழுத்தினால் அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துக் கம்பியால் தள்ளினேன், பழுப்பு மெழுகு மாதிரி ஒரு பூச்சோடு வெளியே வந்தது. துடைத்த பிறகு முள் தன் எடையிலேயே குழாய்க்குள் வழுக்கி விழுகிறது. தட்டுகளை மாட்டி, பாதத்தை இறக்கி நூலை இழுத்தேன், ஊசித்தண்டே வளைந்துவிடுமோ என்று தோன்றும் அளவுக்குப் பிடிக்கிறது, ஏனென்றால் டயல் இன்னும் 9-இல் இருந்தது. இப்போது 4-இல் வைத்திருக்கிறேன். அடியில் கொத்து ஒன்று கூட இல்லை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிகிறது.

தையல் விட்டுப்போவது மட்டும் அப்படியே இருக்கிறது. கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று சொல்லலாம், ஆனால் தடித்த துணியில் நிச்சயமாக விடுகிறது. ஊசி புதிதுதான், தட்டைப் பக்கம் இடது பார்த்து, நூல் வலமிருந்து இடமாக. இது டைமிங் இல்லையா?

நூல்கண்டு:

இன்னும் டைமிங்குக்குப் போகவில்லை, ஊசியிலேயே பார்க்க வேண்டியது மீதி இருக்கிறது.

ஊசி உறையில் ஹெச்ஏ×1 அல்லது 15×1 அல்லது 130/705 என்று இருக்கிறதா? மூன்றும் ஒன்றேதான், ஒரு பக்கம் தட்டையான வீட்டு மெஷின் ஊசி. தையல் தொழிற்கூடங்களில் ஓடும் மெஷின்களுக்கான டிபி×1 ஊசியின் தண்டு முழு உருண்டை, கொஞ்சம் ஒல்லி. திருகை இறுக்கினால் அதுவும் நின்றுவிடும், அதனால் வித்தியாசம் தெரியாது, ஆனால் தையல் விடும். அளவும் துணிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், 14-ஆம் எண் ஊசி என்றால் 0.9 மில்லிமீட்டர் தடிமன், தடித்த துணிக்கு 16 போடுங்கள். நீங்கள் மாட்டிய திசை சரி, இந்த வகையில் ஷட்டில் மூக்கு ஊசியின் இடது பக்கமாகத்தான் போகும், தட்டைப் பக்கம் அதைப் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தால், பாபின் கேஸையும் தகட்டையும் எடுத்துவிட்டு, டார்ச் அடித்துக்கொண்டு, சக்கரத்தைக் கையால் உங்களை நோக்கி மெதுவாகச் சுற்றுங்கள். ஊசி அடிமட்டம் தொட்டு மேலே ஏறத் தொடங்கி இரண்டு மில்லிமீட்டர் அளவு எழும்பும்போது ஷட்டிலின் மூக்கு ஊசிக்குப் பின்னால் வந்து சேர வேண்டும், ஊசிக் கண்ணுக்குச் சற்று மேலே, ஒன்றரை மில்லிமீட்டர் போல. கண்ணைத் தொட்டுக்கொண்டு போனாலும் தவறு, கண்ணை விட்டு வெகு மேலே போனாலும் தவறு. எப்படிப் போகிறது என்று சொல்லுங்கள்.

மிதிகட்டை:

ஊசி 15×1, எண் 14. மூக்கு கண்ணுக்கு வெகு மேலே போகிறது, நீங்கள் சொன்னதைப் போல இரண்டு மடங்காவது இருக்கும்.

நூல்கண்டு:

அப்படியானால் ஊசி தாழ்ந்து நிற்கிறது. ஊசித்தண்டைத் தளர்த்தும் முன்னால், ஊசியைக் கழற்றி அந்தத் துளைக்குள் பாருங்கள். ஊசி தண்டுக்குள் முட்டும் வரை மேலே ஏற வேண்டும். துளையின் உச்சியில் பழைய எண்ணெயும் பஞ்சும் கட்டியாகச் சேர்ந்திருந்தால் ஊசி அங்கேயே முட்டி நிற்கும், கையில் முட்டியது தெரிவதால் முழுக்க ஏறிவிட்டது என்றே நினைப்போம். மெல்லிய கம்பியின் நுனியில் மண்ணெண்ணெய் தொட்டுச் சுழற்றிச் சுழற்றிச் சுத்தம் செய்யுங்கள். உடைந்த ஊசித் துண்டு உள்ளே தங்கியிருப்பதும் உண்டு.

அதற்குப் பிறகும் மூக்கு மேலேயே போனால்தான் ஊசித்தண்டு. தண்டில் மெல்லியதாக இரண்டு கோடு வெட்டியிருக்கும், ஊசி அடிமட்டத்தில் இருக்கும்போது மேல்கோடு கீழ்ப் புஷ்ஷின், அதாவது தண்டு ஏறி இறங்கும் கீழ்க் குழலின், விளிம்போடு சேர வேண்டும். முகத் தகட்டைக் கழற்றினால் தண்டைப் பிடிக்கும் திருகு தெரியும், அதைத் தளர்த்தித்தான் கோட்டைப் பொருத்த வேண்டும். எல்லா மெஷினிலும் கோடு இருக்கும் என்று சொல்ல முடியாது.

மிதிகட்டை:

அக்கா, துளைக்குள் கட்டிதான். கம்பியால் சுழற்றச் சுழற்றக் கறுப்பு மணல் மாதிரி உதிர்ந்தது. இப்போது ஊசி முன்பை விட நன்றாகவே உள்ளே ஏறுகிறது, மூக்கு கண்ணுக்குச் சற்று மேலேதான் கடக்கிறது. கோட்டைப் பார்த்தேன், சரியாகப் புஷ்ஷின் விளிம்பில் நிற்கிறது, தண்டைத் தொடவில்லை. ஜீன்ஸ் துணியை நாலு மடிப்பாக்கி 16-ஆம் எண் ஊசியால் தைத்தேன், ஒன்று கூட விடவில்லை. எண்ணெய்க் கறை போகும் வரை பழைய துணியில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், அந்தச் சத்தம் கேட்கவே அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது.

கடைசியாக இரண்டு விஷயம். பாபினில் நூல் சுற்றும்போது, சக்கரத்தின் நடுக்குமிழைத் தளர்த்தினாலும் ஊசி கூடவே ஏறி இறங்குகிறது. பாபின் சுற்றும் சின்னச் சக்கரத்தின் ரப்பர் வளையமும் கல் மாதிரி இறுகி வழுக்குகிறது. தோல் பெல்ட்டும் தொளதொளவென்று இருக்கிறது.

பழைய இரும்பு:

நல்ல செய்தி, மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

குமிழ்: அதன் முகத்தில் இருக்கும் சின்னத் திருகை எடுத்துவிட்டுக் குமிழை முழுக்கக் கழற்றுங்கள். உள்ளே ஒரு வாஷர், உள்விளிம்பில் இரண்டு காது, வெளிவிளிம்பில் மூன்று. சக்கரத்தையும் உருவி, தண்டையும் சக்கரத்தின் உள்துளையையும் துடைத்து, தண்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மாட்டுங்கள். அங்கே பிசின் ஒட்டியிருப்பதால்தான் குமிழைத் தளர்த்தியும் சக்கரம் தண்டை இழுத்துக்கொண்டே போகிறது. வாஷரின் உள்காதுகள் வளைந்திருக்கும், வளைவு வெளியே பார்க்கட்டும். மாட்டிய பிறகு குமிழ் இறுகாமலோ தளராமலோ அடம்பிடித்தால் வாஷரை எடுத்துப் பாதிச் சுற்றுத் திருப்பி வையுங்கள், அந்தச் சின்னத் திருகு காதில் இடிப்பதால் வருவது அது.

தோல் பெல்ட்டில் இணைக்கும் கம்பிக் கொக்கியை ஒரு பக்கம் கழற்றி, கொஞ்சமே கொஞ்சம் வெட்டி, புதுத் துளை போட்டு மாட்டுங்கள். ஒரேயடியாக நிறைய வெட்டிவிட்டால் ஒட்ட முடியாது. வழுக்காத அளவுக்கு இறுக்கம் போதும், அதற்கு மேல் போனால் மிதிக்கக் கனக்கும். மிதிப்பலகையின் அச்சிலும் பெரிய சக்கரத்தின் அச்சிலும் எண்ணெய் விட்டீர்களா? மேலே மட்டும் விட்டுவிட்டுக் கீழே மறந்துவிடுவார்கள்.

இரட்டைத்தையல்:

ரப்பர் வளையத்தைக் கத்தியால் வெட்டி எடுத்துவிடுங்கள், இறுகியதை மீட்க முடியாது. புதியது வாங்கும்போது பழைய வளையத்தை அளக்காதீர்கள், அது தேய்ந்தும் சுருங்கியும் இருக்கும். பள்ளத்தின் அகலத்தையும் அடிச் சுற்றளவையும் அளந்து கொண்டுபோங்கள். மெஷினுக்கு என்று தனியாகக் கிடைக்காவிட்டால் குழாய் வேலைக்கு விற்கும் ஓ-ரிங்கில் அதே அளவு பார்த்தால் போதும், கைச்சக்கரத்தைத் தொட்டு அழுத்தும்படி பள்ளத்துக்கு வெளியே கொஞ்சம் புடைத்து நிற்க வேண்டும்.